தாயின் சொல்லுக்குக் கூலி கொடுப்பது யார்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் சுகாதாரம் பற்றி ஓர் உரை வேண்டும் என்று செயற்குழு கேட்டபோது, நீரிழிவைப் பற்றிப் பேசுவதா, மார்புப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவதா என்று எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களாக வந்த நால்வரும் யோசித்தோம். மேடையில் நிற்பது ஒருவர், பேச்சு நால்வருடையது. கடைசியில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்ட கேள்வியையே எடுத்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியை இன்று இந்த மண்டபத்தில் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருக்கிறோம்.

அவளுடைய பெயர் வேண்டாம். படிப்பில் எங்களுக்குச் சற்றும் குறைந்தவள் அல்ல. தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள். கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வீட்டோடு இருந்தாள். மூத்த பிள்ளை பிறந்த காலத்தில் தான் பட்ட பாட்டை இணையத்தில் தமிழில் எழுதத் தொடங்கினாள். முலைக்காம்பு வெடித்தால் என்ன செய்வது, பிள்ளை இரவிரவாக அழுதால் எப்படிச் சமாளிப்பது, பத்தியக்கறியில் எதைக் கூட்டலாம், மாமியார் சொல்வதில் எதைக் கேட்கலாம், எதைச் சிரித்துக்கொண்டே விடலாம் என்றெல்லாம் எழுதினாள். ஆறு வருடம் எழுதினாள். ஒரு சதம் வருமானம் இல்லை.

வாசித்தவர்கள் ஊரில் மட்டும் இருக்கவில்லை. அம்மாவும் அம்மம்மாவும் பக்கத்தில் இல்லாமல் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிள்ளை பெற்ற எங்கள் பெண்களும் வாசித்தார்கள். இரவு பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அவளிடம் கேள்வி கேட்டார்கள். அவள் பதில் எழுதினாள். தெரியாததை எங்களிடம் கேட்டு எழுதினாள். கிளினிக்கில் ஒரு தாயோடு ஐந்து நிமிடம் பேசவே எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, “இவ எழுதினதை வாசியுங்கோ” என்று நாங்களே எத்தனையோ தாய்மாரை அவளிடம் அனுப்பியிருக்கிறோம். எங்கள் வேலையில் ஒரு பங்கை அவள் செய்துகொண்டிருந்தாள். அதை நாங்கள் வேலை என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் அவளுக்கு ஒரு பால்மாக் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று காணொளி செய்து தர வேண்டும். தன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தானாகவே சொல்வதுபோல அந்தப் பால்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். தருவதாகச் சொன்ன தொகை அவளுடைய கணவரின் இரண்டு மாதச் சம்பளம். வகுப்புக் குழுவில் எங்களிடம் கேட்டாள். நாங்கள் நால்வரும் ஒரே குரலில், “வேண்டாம், காசு வாங்காதை” என்றோம்.

அவள் கேட்டது இதுதான்: “நீங்கள் சனலிங்கில ஒரு ஆளைப் பாக்கக் காசு வாங்கிறியள். நான் சாமத்தில இருந்து பதில் எழுதினா அது சேவை. ஏனடி?”

எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை.

அன்பானவர்களே, அவள் கேட்டதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாய்மாருக்குத் தாய் ஒருத்தி எழுதுவது கூலிக்குரிய வேலையா என்பது ஒன்று. அந்தக் கூலி யாருடைய கையிலிருந்து வரலாம் என்பது மற்றையது. நாங்கள் அன்று இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம்.

முதலாவதற்கு விடை, ஆம் என்பதே. சர்வதேச தொழில் அமைப்பு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 64 நாடுகளின் கணக்கை வைத்து, சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்காக நாளொன்றுக்கு 1640 கோடி மணித்தியாலங்கள் செலவாகின்றன என்று சொல்கிறது. அதில் 76 வீதத்துக்கு மேல் பெண்களின் உழைப்பு. பிள்ளை பார்ப்பது, முதியோரைப் பார்ப்பது, சமைப்பது எல்லாம் அதில் அடக்கம். பெண் செய்தால் அது அன்பு. அன்புக்குக் கூலி கேட்பது அழகில்லை என்று சொல்லியே இந்தக் கணக்கு இவ்வளவு பெருத்திருக்கிறது. அந்த அன்பைப் பற்றி எழுதுவதற்கும் அதே நியாயத்தைச் சொல்கிறோம். கட்டுரை எழுதும் ஆண் எழுத்தாளரிடம் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை.

காசு வாங்கினால் ஆலோசனை கெட்டுவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு மறுமொழி எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. எங்கள் சங்கத்துக்கும் அதே வயதுதான். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்று எங்கள் ஒவ்வொரு வீட்டுப் படியையும் மிதிக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை. கர்ப்பிணியைப் பதிவு செய்கிறார். பிள்ளை பிறந்தபின் வீடு தேடி வருகிறார். நிறுக்கிறார், பாலூட்டும் விதத்தைப் பார்க்கிறார், குறிப்பேட்டில் எழுதுகிறார். இவ்வளவுக்கும் அவர் சம்பளம் வாங்குகிறார். அதனால் அவருடைய சொல்லின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஏனென்றால் அவருக்குச் சம்பளம் தருவது எங்கள் எல்லோருடைய வரிப்பணம். அந்தத் தாய் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு இலாபமுமில்லை, நட்டமுமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகில் பல பணக்கார நாடுகள் எட்டாத நிலை அது. அதற்குப் பின்னால் சம்பளம் வாங்கிய இந்தப் பெண்களின் நடை இருக்கிறது.

ஆகவே காசு வாங்குவது குற்றமில்லை. யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதைக் கிளினிக்கில் கண்ட ஒரு பிள்ளையைக் கொண்டு விளக்கலாம்.

பிறந்தபோது 2.9 கிலோ. ஆறு கிழமையில் 3.1 கிலோ. நான்கு கிலோவை அண்டியிருக்க வேண்டிய பிள்ளை. வயிற்றோட்டத்தோடு வந்தது. தாய்க்கு இருபத்திரண்டு வயது, முதற் பிள்ளை. பிள்ளை பின்னேரத்தில் விடாமல் அழுதிருக்கிறது. கைத்தொலைபேசியில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “என்ர பிள்ளையும் இப்பிடித்தான் அழுதது, பால் காணாமல் இருந்தது, இதைக் குடுத்த பிறகுதான் நிம்மதியா நித்திரை கொண்டது” என்று சொன்னதைப் பார்த்திருக்கிறாள். அது விளம்பரம் என்று அவளுக்குத் தெரியாது. “அந்த அக்கா பொய் சொல்லுவாவோ டொக்டர்?” என்றுதான் எங்களிடம் கேட்டாள்.

பிறந்து சில கிழமைகளில் பிள்ளை பின்னேரத்தில் கூட அழுவதும், அடிக்கடி பாலுக்கு அந்தரப்படுவதும் இயல்பு. பால் காணாது என்பதற்கு அது அடையாளமல்ல. பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்குத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். ஒரு புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை ஒரு முறை உறிஞ்சாமல் தூங்கிவிடும். உறிஞ்சாவிட்டால் சுரப்புக் குறையும். சுரப்புக் குறைந்தால், “உண்மையிலேயே எனக்குப் பாலில்லை” என்று தாய் நம்பிவிடுவாள். அடுத்த புட்டி வரும். இல்லாத நோயைச் சொல்லி மருந்தை விற்று, பிறகு அந்த நோயையும் உண்டாக்குகிற வேலை இது.

அந்தப் பெண்ணுக்கோ பால்மா ரின் வாங்கக் காசு போதவில்லை. ஒரு கிழமைக்கு வரவேண்டிய ரின்னைப் பத்து நாளுக்கு இழுக்க, கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியிருக்கிறாள். புட்டி சரியாக அவிக்கப்படவுமில்லை. பிள்ளை மெலிந்ததற்கும் வயிற்றோட்டத்துக்கும் காரணம் அதுதான். நல்ல காலம், எங்கள் விடுதித் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் அவளோடு நாட்கணக்கில் இருந்து திரும்பவும் பால் சுரக்க வைத்தார்கள். பிள்ளை பிழைத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பால்மாவே நஞ்சு என்று நாங்கள் சொல்லவில்லை. சில தாய்மாருக்கும் சில பிள்ளைகளுக்கும் அது மருந்து போல அவசியம். அதைக் கொடுக்கிற தாயைக் குற்றம் சொல்கிற உரிமை எவருக்குமில்லை. எங்கள் முறைப்பாடு அதை விற்கிற வழி பற்றியது.

அந்த வழி புதிதல்ல. ஜமெய்க்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர், முதலாம் உலகப் போரில் ஆண் மாணவர் குறைந்த காரணத்தால் ஒக்ஸ்போர்டில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தவர். அவர் 1939ஆம் ஆண்டு சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் உரையாற்றினார். கைக்குழந்தைக்கு உகந்தது என்று சொல்லி விற்கப்பட்ட ரின் பாலால் பிள்ளைகள் சாவதைக் கண்டு, அதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அந்தச் சபையில் சொன்னார். அக்காலத்தில் கம்பனிகள் பெண்களுக்கு வெள்ளைச் சீருடை அணிவித்துத் தாதியர் போலப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பின. தாய் தாதியை நம்புவாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்போது சீருடை தேவைப்படவில்லை. தாய் இன்னொரு தாயைத் தாதியை விடவும் நம்புகிறாள்.

1981ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேச விதிக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 வாக்குகள். எதிராக ஒன்றே ஒன்று, அமெரிக்காவினது. விற்பனையை அது தடை செய்யவில்லை. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யாதே, தாய்மாருக்கு மாதிரிப் பொட்டலம் கொடுக்காதே, கம்பனி ஆட்களைத் தாய்மாரிடம் அனுப்பாதே என்றது. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென ஒரு விதிக்கோவையை ஆக்கிக்கொண்டது. அந்த விதிகள் எழுதப்பட்டபோது கைத்தொலைபேசி இல்லை. உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அது ஆராய்ந்த பால்மாக் கம்பனிக் கணக்குகள் சமூக ஊடகங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பதிவுகள் இட்டு, 22 கோடி 90 இலட்சம் பாவனையாளரை எட்டின. இணையத்தில் செல்வாக்குள்ள பெண்களுக்குக் காசு கொடுத்துப் பேச வைப்பதும் அந்த அறிக்கையில் வருகிறது. 2025 மே மாதத்தில்தான் இந்த இணைய விளம்பரம் பற்றித் தனியாக ஒரு தீர்மானம் உலக சுகாதார மாநாட்டில் நிறைவேறியது.

“காசு வாங்கினேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா?” என்று எங்கள் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009ஆம் ஆண்டிலேயே, இணையத்தில் எழுதுவோர் ஒரு பொருளுக்காகக் காசோ இலவசமோ பெற்றால் அதைச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டியது. தள்ளுவண்டிக்கும் புத்தகத்துக்கும் பிள்ளைச் சட்டைக்கும் அது போதும். சொல்லிவிட்டுக் காசு வாங்கட்டும். வாசிப்பவள் யோசித்து முடிவெடுப்பாள். பால்மாவுக்குப் போதாது. சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள், நித்திரையில்லாமல், பிள்ளை அழ, தானும் அழுதுகொண்டிருக்கிற ஒரு பெண், திரையின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் ‘விளம்பரம்’ என்ற சொல்லைத் தேடி வாசிக்கமாட்டாள்.

பிள்ளைகளின் பங்கையும் மறக்கக் கூடாது. காணொளியில் வருகிற பிள்ளை தானும் வேலை செய்கிறது. பிரான்ஸ் 2020ஆம் ஆண்டு 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இணையத்தில் வைத்து உழைப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல் அப்படிப்பட்ட வருமானத்தில் ஒரு பங்கு பிள்ளைக்கென ஒதுக்கப்பட வேண்டும். பிள்ளைக்குப் பேதி போனதையும், பள்ளியில் அது அடி வாங்கியதையும் உலகம் முழுவதும் பார்க்கப் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு இந்த மாணவிகளின் வயதில் வந்து நின்று கேட்கும்போது என்ன சொல்வது?

இவ்வளவையும் எங்கள் தோழியிடம் சொன்னோம். அவள் கம்பனிக்கு மாட்டேன் என்று எழுதினாள். நாங்கள் அவளைப் பாராட்டினோம். கைதட்டுகிற படங்களும் இதயங்களும் குழுவில் நிறைய விழுந்தன. அத்தோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

எட்டு மாதம் கழித்து அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். சாமான் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதப் போகிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. “அந்த அக்கா இப்ப எழுதுறேல்லையே?” என்று கிளினிக்கில் தாய்மார் எங்களைக் கேட்டார்கள். அவள் விட்ட இடம் வெறுமையாகவும் இருக்கவில்லை. மேலே சொன்ன அந்த ஆறு கிழமைப் பிள்ளையின் தாய் பார்த்தது, அதற்குப் பிறகு வந்த ஒரு காணொளியைத்தான்.

எங்கள் தவறு இங்கேதான். வாங்காதே என்று சொல்ல எங்களுக்கு நியாயம் இருந்தது. ஆனால் ஆறு வருடம் அவளுடைய உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்ட நாங்கள், அவளுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதைப் பற்றி ஒருநாளும் யோசிக்கவில்லை. நல்ல கை நீளாவிட்டால் மற்றக் கைதான் நீளும். அதோடு, எங்கள் துறையின் மேசைகளிலும் கம்பனிப் பேனாவும் கலண்டரும் கிடந்த காலம் உண்டு. கம்பனி கொடுத்த மதியச் சாப்பாட்டோடு கருத்தரங்கு கேட்ட நாட்களும் உண்டு. சுகாதார ஊழியருக்கு அன்பளிப்புக் கொடுக்கக் கூடாது என்று அதே 1981ஆம் ஆண்டு விதிக்கோவை சொல்கிறது. சம்பளமும் சனலிங் வருமானமும் உள்ள எங்களுக்கே அது சுலபமாக இருக்கவில்லை. சம்பளமேயில்லாத ஒருத்தியிடம் முழு ஒழுக்கத்தையும் எதிர்பார்த்தோம்.

ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை, தாய்மாருக்காகத் தாய்மார் தமிழில் எழுதுவதற்கென ஒதுக்குங்கள். மாதம் ஒரு கட்டுரை போதும். எழுதுபவருக்கு உரிய கொடுப்பனவு கொடுப்போம். தொகையைச் செயற்குழு தீர்மானிக்கட்டும். பொன்னாடையும் நன்றியுரையும் மட்டும் என்று முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டுரையையும் ஒரு வைத்தியரும் ஒரு குடும்பநல உத்தியோகத்தரும் வாசித்துச் சரிபார்க்கட்டும். அந்த வேலையை நாங்கள் நால்வரும் ஏற்கிறோம். பால்மா, புட்டி, சூப்பி விற்பவர்களிடம் ஒரு சதமும் வாங்கக் கூடாது, இந்த மலருக்கான விளம்பரத்திலும்கூட. காசு கொடுத்தது யார் என்று கட்டுரையின் தலையிலேயே அச்சிடுவோம். பிள்ளைகளின் முகமும் பெயரும் வேண்டாம். முதல் வருடத்துச் செலவில் பாதியை எங்கள் வகுப்புத் தருகிறது.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளைக்கு வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வருவீர்கள். பலர் வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பீர்கள். சிலர் இரண்டையும் செய்வீர்கள். உங்கள் உழைப்புக்குக் கூலி கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூலி தர நீளுகிற கை எதை விற்கிறது என்று பார்க்கவும் மறக்காதீர்கள்.

இந்த உரையை எழுதி முடித்ததும் முதலில் எங்கள் தோழிக்குத்தான் அனுப்பினோம். வாசித்துவிட்டு, “முதல் கட்டுரை நான் எழுதுறன். காசு எவ்வளவு எண்டு முதல் சொல்லுங்கோ” என்று பதில் போட்டிருந்தாள். சங்கத் தலைவி அவர்களே, அவளுக்கு என்ன பதில் அனுப்புவது என்பதை இன்றைய பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துத் தாருங்கள்.